சனிக்கிழமைகளில் இறங்கிய கண்ணாடி

சென்ற மாதம் என் சொந்தக் காரின் கதவை நானே பிரித்துப் போட்டேன். வாழ்நாள் முழுக்கக் கார் வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் தன் கார் கதவைப் பிரிப்பதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். பிரித்திருக்கவே வேண்டாம் என்பதுதான் வெட்கம்.

நடந்தது இதுதான். பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். அதன் பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி ஒரே இழுப்பில் மேலே போக மறுத்தது. விரலை எடுத்தால் நின்றது, வைத்தால் நகர்ந்தது. மோட்டார் போய்விட்டது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். கதவின் உள்பலகையை நெம்பி எடுத்ததில் பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டாணி போலத் தெறித்து வாய்க்காலுக்குள் போயின. என் மனைவி கைப்பேசியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். "ஏங்க, பேட்டரி மாத்தினா கண்ணாடி எல்லாத்தையும் மறந்துடுமாம். மேல ஏத்திட்டு சுவிட்சை விடாம கொஞ்ச நேரம் பிடிச்சுக்கணுமாம். இதுல ஒரு பொண்ணு செஞ்சு காட்டுது பாருங்க" என்றாள்.

அந்தப் பெண் செய்து காட்டியதைத்தான் நான் இங்கே மலேசியாவில், கிள்ளானில் உள்ள சர்வீஸ் சென்டரில் வருடக்கணக்கில் வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். செய்து காட்டுகிறவனுக்குத் தன் வீட்டில் ஞாபகம் வராது போலிருக்கிறது. மனைவி, பிரிந்து கிடந்த கதவையும் பக்கத்தில் நின்ற என்னையும் சேர்த்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அது எப்படியோ என் பழைய ஒர்க்‌ஷாப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. "அண்ணே, இப்பல்லாம் கஸ்டமர் வீட்டிலேயே வீடியோ பார்த்து ரீசெட் பண்ணிக்கிறான். பண்ணத் தெரியாதவன்தான் நம்மகிட்ட வரான். அந்தக் காலத்து அனுபவத்தை எழுதிக் குடுங்களேன்" என்று ஒருவன் கேட்டான். கேட்டவனின் கேலி எனக்குப் புரிந்தது. புரிந்தும் எழுதுகிறேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு வயர்மேன் கடையில் சேர்ந்தேன். ஷாக் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு எது அடிக்கும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் பயிற்சி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு துப்பறியும் நாவல்கள் படித்தேன். அதில் கற்றதுதான் அதிகம். யார் மேல் முதலில் சந்தேகம் வருகிறதோ அவன் குற்றவாளி இல்லை என்பதை அங்கே கற்றேன். அதை வேலையில் பயன்படுத்த எனக்கு வெகு காலம் பிடித்தது.

சர்வீஸ் சென்டரில் என் ஃபோர்மேன் மிஸ்டர் ஜோசப். குள்ளமான, மெதுவான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டுமென்றால் பட்டம் கொடுப்பார். சின்னத் தப்புக்கு 'டாக்டர்'. நடுத்தரத் தப்புக்கு 'புரொஃபசர்'. வாடிக்கையாளர் முன்னால் செய்த பெரிய தப்புக்கு 'டத்தோ'. எங்கள் நாட்டில் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் வாங்க எத்தனையோ பேர் எத்தனையோ வழியில் முயல்கிறார்கள். எனக்கு அது பல முறை இலவசமாகவே கிடைத்திருக்கிறது.

ஒரு கார் வந்தால் அவர் கருவியைத் தொடமாட்டார். துணியில் கை துடைப்பார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்பதால் நாங்கள் அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்திருந்தோம். ஜெபம் முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி, காருக்கு என்ன செய்கிறது என்பதாக இருக்காது. "அதுக்கு முந்தின நாள் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்.

கதவைப் பிரிப்பது அவரிடம் கடைசி வேலை. யாராவது வந்ததும் வராததுமாக ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், "டாக்டர், நோயாளி இன்னும் பேசி முடிக்கல" என்பார்.

இனி, நான் எழுத வந்த அந்தச் சிவப்பு நிறச் சின்னக் கார்.

அதன் சொந்தக்காரர் கமலா. கேரி தீவில் ஓர் எஸ்டேட் கிளினிக்கில் நர்ஸ். அங்கே எல்லாரும் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வீடு கிள்ளானில். முன்பெல்லாம் கிளினிக் வேன் வந்து ஏற்றிப் போகும். வேனை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. எனவே மிஸ்ஸி ஐம்பதை நெருங்கும் வயதில் லைசென்ஸ் எடுத்து, தன் சேமிப்பில் அந்தக் காரை வாங்கினார். கார் இருந்தால் வேலை. இல்லையென்றால் ராஜினாமா.

பிரச்சினை, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. சுவிட்சை ஒரு முறை இழுத்தால் தானாக மேலே போகும். உச்சிக்கு வந்ததும் யாரோ தலையில் கை வைத்து அமுக்கியதுபோலப் பாதி வரை கீழே வந்துவிடும். கண்ணாடி ஏறும்போது குறுக்கே விரலோ கழுத்தோ இருந்தால் நசுக்கிவிடாமல் திரும்பி இறங்குவதற்கு அதற்குள்ளேயே ஏற்பாடு உண்டு. ஆனால் மிஸ்ஸியின் ஜன்னலில் விரலும் இல்லை, கழுத்தும் இல்லை.

"எப்ப இறங்குது?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமைதான் அண்ணே."

"மத்த நாள்?"

"மத்த நாள் ஒழுங்கா இருக்கு. சனிக்கிழமை வேலைக்குக் கிளம்புறப்பதான் இப்படி."

நான் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவர் கணவர் பாலன் துறைமுகத்தில் குமாஸ்தா. பாலனுக்கு ரவாங்கில் ஓர் அக்கா. அந்த அக்கா நம்பர் பிளேட்டின் எண்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். எட்டு வந்திருக்கிறது. எட்டு சனியின் எண். கண்ணாடி இறங்குவதோ சனிக்கிழமை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ராசி இல்லாத வண்டியில் மனைவியைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன், விற்றுவிடுவோம் என்று பாலன் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கெட்டவரென்றால் சண்டை போடலாம். பயந்தவரிடம் என்ன செய்வது?

மிஸ்ஸிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை காரைக் கொண்டுவந்தார். ஷோரூமில் இருந்து அப்போதுதான் இறக்கியதுபோல மின்னியது. கண்ணாடியை நான் ஏற்றி இறக்கினேன், ஏற்றி இறக்கினேன். சமர்த்தாக ஏறியது, சமர்த்தாக நின்றது. ஜன்னல் ரப்பருக்குள் கொஞ்சம் சிலிகோன் ஸ்ப்ரே அடித்து, "எல்லாம் ஓகே லா மிஸ்ஸி" என்று அனுப்பிவைத்தேன். அந்தச் சனிக்கிழமை மறுபடி இறங்கியது.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். மறுபடி கார் மின்னியது, மறுபடி கண்ணாடி சமர்த்தாக இருந்தது. இந்த முறை நான் ரீசெட் செய்து கொடுத்ததோடு, வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று ஒரு விரிவுரையும் ஆற்றினேன்.

"சாவியைப் போட்டு ஆன் பண்ணிக்குங்க. கதவைச் சாத்திக்குங்க. கண்ணாடியை அடி வரைக்கும் இறக்குங்க, இறங்கின பிறகும் சுவிட்சை விடாதீங்க, கொஞ்சம் அமுக்கியே இருங்க. அப்புறம் மேல இழுங்க. முழுக்க மூடின பிறகும் விடாதீங்க. டிக்குன்னு உள்ள ஒரு சின்னச் சத்தம் கேக்கும். கேட்ட பிறகு விடுங்க. நடுவுல விட்டுட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அந்தந்தக் கதவு சுவிட்சுலதான் செய்யணும். இதைச் செய்யறப்ப மட்டும் யாரும் விரலை வைக்கக் கூடாது. அப்ப அதுக்குக் கண்ணு தெரியாது, தள்ளிக்கிட்டே போகும். எங்க போய் முட்டி நிக்குதோ அதுதான் உச்சின்னு மனசுல வச்சுக்கும்."

மிஸ்ஸி ஊசி போடக் கற்றுக்கொள்வதுபோலக் கவனமாகக் கேட்டார். "சனிக்கிழமை இறங்குச்சுன்னா அப்பவே செஞ்சுடவா?" என்றார். தாராளமாக என்றேன்.

செய்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் முறையாக வந்து இறங்கியவர் முகம் சரியில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் அண்ணே. டிக்குன்னு சத்தமும் கேட்டுச்சு. ஆனா முழுசா மூடவே மாட்டேங்குது. சனிக்கிழமை மழையில சீட்டெல்லாம் நனைஞ்சு, யூனிஃபார்மோட ஈரத்திலேயே வேலை பார்த்தேன். வண்டி அழுவுதுன்னு அவரு சொல்றாரு. புரோக்கருக்குப் போன் பண்ணிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறாங்களாம்."

கண்ணாடிக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே ஒரு சுண்டு விரல் இடைவெளி. சுவிட்சை இழுத்தால் அதே இடத்தில் வந்து, அதே நிதானத்தோடு நின்றது. கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று முடிவு செய்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"டத்தோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மிஸ்டர் ஜோசப் கை துடைத்தார். ஏறி உட்கார்ந்தார். ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீண்ட ஜெபம். பிறகு இடைவெளியில் சுண்டு விரலை விட்டுச் சட்டம் நெடுகத் தடவினார். வெறும் விரல்தான் வந்தது.

"கண்ணாடி கெட்டுப் போகல" என்றார். "இதுக்குப் பாடத்தைத் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கு. ரீசெட் பண்ணும்போது மேல ஏதோ இருந்திருக்கு. அதுல முட்டி, இதுதான் உச்சின்னு நம்பிடுச்சு. இப்ப அந்தப் பொருள் இல்ல. எங்க போச்சு?"

அவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு வந்தார்.

"மிஸ்ஸி, இந்த வண்டி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

மிஸ்ஸிக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "என்ன அண்ணே கேக்குறீங்க? நாலு பேரு கை வைக்கிற இடத்துக்கு அழுக்கு வண்டியைக் கொண்டுட்டு வர முடியுமா? வாரா வாரம் ஞாயித்துக்கிழமை உக்காந்து உள்ள வெளிய எல்லாம் துடைச்சு, ரப்பர் இடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ச்சுதான் கொண்டு வரேன்."

நம் வீடுகளில் விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவார்கள். பல் டாக்டரிடம் போகுமுன் வாசலில் நின்று இன்னொரு முறை பல் விளக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மிஸ்ஸி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நோயைக் கழுவி ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை உடம்பை மட்டும் எங்களிடம் காட்டியிருக்கிறார்.

"அப்ப சனிக்கிழமை இருக்கிற பொருள் ஞாயித்துக்கிழமை போயிடுது" என்றார் மிஸ்டர் ஜோசப். பிறகு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சனிக்கிழமைக்கு முந்தின நாள் என்ன செய்வீங்க?"

"வெள்ளிக்கிழமையா? நான் ஒண்ணும் செய்யறதில்ல. அவருதான் சாயங்காலம் வண்டிக்கு சாமி கும்பிடுவாரு."

மிஸ்டர் ஜோசப் "ம்" என்றார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க வீட்டுக்கு வரோம். வண்டியைப் பாக்க வரோம்னு மட்டும் சொல்லுங்க."

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் போனோம். வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு, தாமான் என்போம். கார் போர்ச்சில் சிவப்புக் கார் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. பாலன் வேட்டியில் இருந்தார். எங்களை மரியாதையாக வரவேற்றுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மிஸ்ஸி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க எதைப் பார்த்தாலும் சரி பாஸ், ஞாயித்துக்கிழமை ஆளு வராங்க" என்றார் பாலன். "பொம்பளை தனியா அந்த ரோட்டுல போறா. எனக்கு ஆபீஸ்ல உக்கார முடியல. மனசு அடிச்சுக்குது. ராசி இல்லாத பொருளைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழணும்?"

"நீங்க சாமியைக் கும்பிடுங்க, நாங்க காத்திருக்கோம்" என்றார் மிஸ்டர் ஜோசப்.

பாலன் எலுமிச்சம்பழம் சுற்றினார். சூடம் காட்டினார். பிறகு ஊதுபத்தி கொளுத்தினார். காரைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே நின்று, புகை உள்ளே போகட்டும் என்று கண்ணாடியை இறக்கினார். மேல் சட்டத்தின் முன்மூலையில், கண்ணாடி போய்ச் சேரும் ரப்பர் பள்ளத்துக்குள், ஊதுபத்திகளைக் கொத்தாகச் சேர்த்து இறுக்கிச் சொருகினார்.

அவை எரிந்து முடியும். கறுத்த மூங்கில் குச்சி மட்டும் கறுப்பு ரப்பருக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் கண்ணாடி ஏறிவந்து அதில் முட்டும். யாருடைய விரலோ என்று பதறி இறங்கும்.

"முன்ன ஒண்ணுதான் வச்சேன்" என்று பாலன் எங்களுக்கு விளக்கினார். "கண்ணாடி தொந்தரவு ஆரம்பிச்ச பிறகு மூணா ஆக்கிட்டேன். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாவே வச்சிருக்கேன்."

எனக்குள் இருந்த துப்பறிவாளன் துள்ளி எழுந்தான். "இதுதாங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன். மிஸ்டர் ஜோசப்பின் பூட்ஸ் என் பாதத்தின் மேல் அமைதியாக ஏறி நின்றது.

"டத்தோ, காப்பி ஆறிடும்" என்றார்.

நான் காப்பியைக் குடித்தேன்.

அவர் எழுந்து போய்ப் பாலன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள சாமி மேடையில ஊதுபத்தி எங்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

"சாமிக்கு முன்னாடி. ஸ்டாண்டுல."

"சாமி காதுல சொருக மாட்டீங்க?"

"சேச்சே, என்ன பாஸ் இப்படிப் பேசுறீங்க?"

"வண்டிக்கு மட்டும் ஏன் காதுல சொருகுறீங்க?"

பாலன் ஊதுபத்தியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். முன்விளக்குகள் இரண்டும் அவரையே பார்ப்பதுபோல இருந்தன. "அங்கதான் இறுக்கமா நிக்கும்னு..." என்று இழுத்தார்.

"எனக்கு இந்த சாத்திரம் எல்லாம் தெரியாது. ஆனா வண்டிக்கும் முகம்னு ஒண்ணு இருக்குல்ல? முன்னாடி வச்சா மரியாதையா இருக்கும்னு தோணுது" என்று சொல்லிவிட்டு, மிஸ்டர் ஜோசப் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய நட்டை எடுத்தார். லோரிச் சக்கரத்து நட்டு. அதை பம்பருக்கு முன்னால் தரையில் வைத்தார். பாலன் ஊதுபத்திகளை ஒவ்வொன்றாக உருவி, அந்த நட்டின் ஓட்டைக்குள் நிறுத்தினார். ரப்பர் பள்ளத்தில் உதிர்ந்திருந்த சாம்பலைத் தன் வேட்டி நுனியால் அவரே துடைத்தார்.

மிஸ்ஸி வாசல்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சட்டென்று விளக்கு எரிந்தது. வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி.

"மிஸ்ஸி, நீங்களே ரீசெட் பண்ணுங்க" என்றார் மிஸ்டர் ஜோசப்.

அவர் ஏறி உட்கார்ந்தார். சாவி. கதவு. கண்ணாடி அடி வரை இறங்கியது. சுவிட்சை விடாமல் பிடித்திருந்தார். பிறகு மேலே. பழைய இடைவெளி வந்ததும் கண்ணாடி ஒரு கணம் தயங்கியது. பிறகு அது மேலே போய் ரப்பருக்குள் புதைந்தது. அவர் விரல் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தார். டிக்.

மறுநாள் சனிக்கிழமை. பாலன் விடிந்ததும் எழுந்து, மனைவியோடு காரில் ஏறிக் கேரி தீவு வரைக்கும் போயிருக்கிறார். வழியெல்லாம் கண்ணாடியை இறக்கச் சொல்லி, ஏற்றச் சொல்லி, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் வந்தது. "நிக்குது அண்ணே. மேலேயே நிக்குது. அவரு புரோக்கரை வர வேணாம்னு சொல்லிட்டாரு" என்றார் மிஸ்ஸி. பின்னணியில் கிளினிக்கில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருந்தது.

நான் மிஸ்டர் ஜோசப்பிடம் கேட்டேன். "குச்சிதான் காரணம்னு அவருகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே?"

அவர் துணியில் கை துடைத்தார். "சொன்னா கண்ணாடி சரியாயிடும். வண்டி போயிடும். தன் கையாலதான் இத்தனையும் நடந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த மனுசன் தினம் காலையில எழுந்து அந்த வண்டி முகத்துல முழிப்பாரா?"

அதன் பிறகு வந்த ஒவ்வொரு கார்க் கதவையும் பிரிப்பதற்குமுன் நானும் கொஞ்ச நேரம் ஜெபம் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு விட்டுவிட்டேன். விளைவை மேலே படித்தீர்கள்.

மிஸ்ஸியைக் கடைசியாகப் பார்த்தது போன தீபாவளிக்கு முன்பு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். சாலை முழுக்கப் பலகாரக் கடைகள், நகர முடியாத கார்கள். அந்த நெரிசலில் சிவப்புக் கார் ஒன்று என் பக்கமாக ஊர்ந்து வந்து நின்றது. மிஸ்ஸிதான் ஓட்டினார். இப்போது தலைமை நர்ஸாம். பக்கத்தில் பாலன், மடி நிறைய முறுக்கு டப்பாக்கள். கண்ணாடி ஒரே அமுக்கில் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னலில் குனிந்து, "கண்ணாடி எப்படி இருக்கு பாஸ்?" என்று பாலனிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன, அன்னைக்கு உங்க ஃபோர்மேன் சொன்ன மாதிரி ஊதுபத்தியை முன்னாடி வச்ச பிறகு இந்த வண்டிக்கு வந்த ராசி இருக்கே, அப்பப்பா! இவளுக்கு புரமோஷன் வந்ததே அதனாலதான்" என்றார் பாலன். "பெரிய மனுசன் அவரு, எல்லாம் தெரிஞ்சவரு. நான் கேட்டதாச் சொல்லுங்க." அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்து, ஏதோ நினைவுக்கு வந்தவராகச் சிரித்தார்.

"நீங்கதானே அன்னைக்கு அவரு கூட காப்பி குடிக்க வந்தவரு?"